டிசம்பர் சனிக்கிழமையை விட்டுவிடுங்கள்: லெவன்வொர்த் பயணம் ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தல் பக்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வாட்ஸ்அப் குழுவில் "இந்த வருஷம் லெவன்வொர்த் போலாமா?" என்று முதல் செய்தியைப் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில், மலைக் கணவாய்க்கு அப்பால், பவேரிய (தென் ஜெர்மன்) பாணியில் முகப்பு போட்ட சிற்றூர்தான் லெவன்வொர்த். குளிர்கால விளக்குகளைப் பார்க்கத்தான் அங்கே போகிறோம். குழுவில் முதல் செய்தி விழுந்த பத்து நிமிடத்தில் இருபது குடும்பங்கள் பேர் கொடுத்துவிடும். யார் புளியோதரை, யார் உருளைக்கிழங்குப் பொரியல் என்பது அன்று ராத்திரிக்குள் முடிவாகிவிடும். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் செயின் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி மட்டும், கணவாய்க்குப் பத்து மைல் முன்னால் வண்டிகள் நின்ற பிறகுதான் குழுவுக்கு வரும். அந்தக் கேள்வியை முதலில் கேட்க வைப்பதற்காகவே இந்த மடல்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். லெவன்வொர்த்தை மலை ஊர் என்கிறோம். ஆனால் அந்த ஊரின் உயரம் சுமார் 1,170 அடி. நம் ஏற்காட்டில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. உயரத்தில் இருப்பது வழியில் உள்ள கணவாய். யு.எஸ். 2 நெடுஞ்சாலை ஸ்டீவன்ஸ் கணவாயில் 4,061 அடி ஏறி மறுபக்கம் இறங்குகிறது. போனில் "லெவன்வொர்த் வானிலை" என்று தட்டி, வெயில் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அதே நேரத்தில் மேலே மணிக்கு ஓர் அங்குலம் பனி கொட்டிக்கொண்டிருக்கலாம். பார்க்க வேண்டியது மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஸ்டீவன்ஸ் கணவாய்ப் பக்கத்தை: உச்சியின் கேமரா, வெப்பநிலை, அன்றைய டயர் விதி மூன்றும் அதில் இருக்கும். முந்தின இரவு ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை, மன்ரோவில் பெட்ரோல் போடும்போது ஒரு தடவை பாருங்கள். ஸ்கைகோமிஷ் தாண்டினால் பல இடங்களில் போனில் சிக்னல் கிடைக்காது.

"அப்படியானால் ஐ-90 நெடுஞ்சாலை வழியாகப் போய்விடலாமே, ஸ்னோக்வால்மி கணவாய் 3,022 அடிதானே" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் எழுதுவார். பாதிதான் சரி. கிளீ எலம் பக்கம் ஐ-90-ஐ விட்டு யு.எஸ். 97-இல் ஏறினால் பிளூவெட் கணவாய் வரும். அதன் உயரம் 4,102 அடி, ஸ்டீவன்ஸைவிடக் கொஞ்சம் அதிகம். போக்குவரத்து குறைவாக இருக்கும், கிழக்குப் பக்கம் என்பதால் பனி கொஞ்சம் காய்ந்தும் இருக்கும். ஆனாலும் இரண்டு கணவாய்களைக் கடக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

இனி செயின். சாலையோரப் பலகையில் வரும் அறிவிப்புகள் படிப்படியாகக் கடுமையாகும். முதலில் பனி டயர் நல்லது என்பார்கள், பிறகு கட்டாயம் என்பார்கள், அதன் பிறகு நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் செயின் என்பார்கள். "நம்மது ஏ.டபிள்யூ.டி. (நான்கு சக்கர இயக்கம்), நமக்கு இது பொருந்தாது" என்று ஆக்சிலேட்டரை மிதிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மாட்ட வேண்டாம் என்றுதான் விலக்கு. செயின் வண்டிக்குள் இருந்தாக வேண்டும். அடுத்தது, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் கிளம்புவது சுலபம், நிறுத்துவதில் எந்த உதவியும் இல்லை. பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பது டயரின் ரப்பரைப் பொறுத்தது. அதனால்தான் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளில் இந்த வகையும் நிறையவே இருக்கும்.

செயின் வாங்கும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 225/65ஆர்17 என்பதுபோல் இருக்கும். மூன்று எண்ணும் பெட்டியின் மேல் உள்ள பட்டியலோடு பொருந்த வேண்டும், "17 அங்குலம்தானே" என்று வாங்கினால் மலையில் அது ஏறாது. முன்சக்கர இயக்கம் என்றால் செயின் முன்சக்கரத்துக்கு. நான்கு சக்கர வண்டிகளிலும் மின்சாரக் கார்களிலும் எந்த அச்சில் போடுவது என்று கையேட்டில்தான் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே விரல் நுழையும் இடம்கூட இருக்காது, செயினே கூடாது என்று எழுதியிருப்பார்கள். அவற்றுக்கு ஆட்டோசாக் என்ற துணி உறை உண்டு. இந்த மாநிலம் அதைச் செயினுக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். செயின் போட்டு ஏற்படும் சேதம் உங்கள் தலையில் என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

மாட்டும் முறையை வீட்டு கராஜில் வெளிச்சத்தில் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுக்க வேண்டும். கொக்கியின் திறந்த பக்கம் டயரின் மேல் உரசாமல் வெளியே பார்த்திருக்க வேண்டும். டயரின் மேல் போர்த்தி, கையைப் பின்னால் விட்டு உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள்: வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அதை முதலில் மாட்டிவிடுவார்கள், பிறகு உள்பக்கம் எட்டாது. உள்பக்கம் மாட்டியதும் வெளிப்பக்கம், அப்புறம் இறுக்கும் ரப்பர். நூறு மீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கத்தைத் தவிர்த்தவர்களின் வண்டியில்தான் செயின் அவிழ்ந்து மட்கார்டைக் கிழிக்கும். செயினோடு 30 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். இதற்கெல்லாம் தலையில் மாட்டும் விளக்கு, ரப்பர் கையுறை, முட்டி போட ஒரு பழைய பாய் வேண்டும். கம்பளிக் கையுறை நனைந்ததும் பயனில்லை.

பஸ் பிடிக்கும் குழுக்களுக்குத் தனியாக ஒரு வரி. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, 10,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடைத் தகுதி உள்ள எந்த வண்டியும் இந்தக் கணவாய்களில் செயினை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும், வெயில் அடித்தாலும் சரி. பதினைந்து பேர் அமரும் வேன்களில் சிலவும் இந்த எல்லையைத் தாண்டும். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன்பே செயின் இருக்கிறதா, ஓட்டுநர் குளிர்காலத்தில் ஸ்டீவன்ஸ் ஏறியவரா, சாலை மூடினால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாலை மூடுவது அபூர்வமும் இல்லை. மேலே தொங்கும் பனியை வெடிவைத்துச் சரியவிட்டு, பிறகு வழியைத் துப்புரவாக்கித் திறப்பார்கள். அரை மணியிலும் முடியலாம், பாதி நாளும் ஆகலாம். எரிச்சல் வரும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 1910 மார்ச் 1 அன்று இதே கணவாய்க்கு மேற்கே வெலிங்டன் ரயில் நிலையத்தில் நின்றிருந்த இரண்டு ரயில்களைப் பனிச்சரிவு உருட்டித் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். ஊருக்குள் நுழையும் முன் வரும் டம்வாட்டர் பள்ளத்தாக்கு மட்டும் மூடியிருந்தால் கோல்ஸ் கார்னரில் திரும்பி, பிளெய்ன் வழியாகச் சம்ஸ்டிக் சாலையில் இறங்கலாம். நேரம் கூடும், ஆனால் ஊர் போய்ச் சேரலாம்.

இப்போது தேதி. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட விளக்குகள் நவம்பர் கடைசியில் தேங்ஸ்கிவிங் பண்டிகைச் சமயத்தில் ஏற்றப்பட்டு பிப்ரவரி வரை தினமும் மாலையில் எரிகின்றன. முன்பு டிசம்பர் வார இறுதிகளில் கூட்டம் கூட்டி விளக்கேற்றும் விழா நடத்துவார்கள். அந்த வழக்கத்தை மாற்றிவிட்டார்கள், ஆனால் நம் ஆட்கள் இன்னும் அதே சனிக்கிழமைகளையே பிடித்துத் தொங்குகிறார்கள். கிட்டத்தட்ட 2,400 பேர் வாழும் ஊர் அது. டிசம்பர் சனிக்கிழமை மாலையில் அங்கே நிற்பது மே மாத ஊட்டியில் படகு இல்லத்துக்கு வெளியே நிற்பது போலத்தான். காபிக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை, கார் நிறுத்த ஒரு மணி நேரச் சுற்று. ஜனவரி நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். அதே விளக்கு, அதைவிட அதிகப் பனி, அறை வாடகையும் குறைவு. பள்ளி இருக்கிறதே என்பீர்கள். அப்படியானால் ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து, ஒரு ராத்திரி தங்கி, திங்கள் காலை கிளம்புங்கள். எல்லோரும் மேற்கே திரும்பும்போது நீங்கள் கிழக்கே போவீர்கள். பிள்ளைக்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தால் போச்சு.

ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பவர்கள் கணக்கைச் சரியாகப் போடுங்கள். சியாட்டிலில் இருந்து சுமார் 120 மைல், நல்ல சாலையில் இரண்டரை மணி நேரம், பனி நாளில் நான்கு. டிசம்பரில் நாலேகால் மணி வாக்கில் சூரியன் மறையும். மலைக்கு நடுவே இருப்பதால் ஊருக்குள் அதற்கும் முன்பே வெளிச்சம் போய்விடும். பத்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் பகல் முழுதும் காருக்குள் போய்விடும். ஞாயிறு பிற்பகல் திரும்பினால் பனிச்சறுக்குக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், கோல்ட் பாரில் தொடங்கி சுல்தான் வரை ஒற்றை வரிசையில் ஊர வேண்டியிருக்கும்.

ரயில் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சிகாகோ போகும், ஆம்ட்ராக் நிறுவனத்தின் எம்பயர் பில்டர் ரயில் 2009 முதல் லெவன்வொர்த்தின் ஐசிக்கிள் நிலையத்தில் நிற்கிறது. ஒரு நாளில் ஒவ்வொரு திசையிலும் ஒரே ஒரு வண்டி. சியாட்டிலில் இருந்து போவது பொழுது சாய்ந்த பிறகு சேரும், திரும்பி வருவது விடியற்காலை இருட்டில் வரும். அது ஒரு நடைமேடை மட்டும்தான், டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை, ஊரும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இரண்டு ராத்திரி தங்குபவர்களுக்கு அருமையான வழி, நாள் பயணத்துக்கு ஆகாது.

வண்டிக்குள் கவனிக்க வேண்டியவை சில. ஸ்கைகோமிஷில் இருந்து லெவன்வொர்த் வரை ஐம்பது மைலுக்கு நம்பிப் போகும்படி பங்க் இல்லை. மன்ரோவிலோ சுல்தானிலோ டேங்கை நிரப்புங்கள். மின்சாரக் கார் என்றால் குளிரிலும் ஏற்றத்திலும் சார்ஜ் மூன்றில் ஒரு பங்குவரை கூடுதலாகக் கரையும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கண்ணாடி கழுவும் நீர் கோடைக்கால நீலத் திரவமாக இருந்தால் குழாயிலேயே உறைந்துவிடும், மைனஸ் 20 ஃபாரன்ஹீட் தாங்குவதை ஊற்றுங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. காற்று குறையும். குழந்தைகளைத் தடித்த பஞ்சு ஜாக்கெட்டோடு கார் சீட்டில் கட்டக் கூடாது, மோதும்போது பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். வாரைக் கட்டிவிட்டு ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள்.

உடுப்பில் நம்மவர்கள் மேலே மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு காலில் ஓட்டப்பந்தய ஷூவோடு இறங்குகிறார்கள். பருத்தி ஜீன்ஸ் முழங்கால் வரை நனைந்தால் அன்றைக்கு அது காயாது. பகலில் உருகிய பனி மாலையில் நடைபாதையில் கண்ணாடியாக உறையும். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டையை அவர்களுக்கு முதலில் வாங்குங்கள். இடுப்பெலும்பு முறிவோடு கணவாய் தாண்டி வருவது யாருக்கும் வேண்டாம்.

சாப்பாடு. கட்டுச்சோறு கொண்டுபோவதில் தவறில்லை, ஆனால் உறைநிலையில் சோறு விறைத்துப் பருக்கை பருக்கையாகிவிடும். ஹாட் பாக்ஸில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, பிறகு சூடாக நிரப்புங்கள். தயிர்சாதம் இந்த ஊருக்குச் சரிப்படாது. ரசத்தை ஃப்ளாஸ்க்கில் எடுத்துப் போனவர்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். விடுதி அறையில் தாளிக்க வேண்டாம், மிளகாய் நெடிக்குப் புகை மணி அடிக்கும்.

உள்ளூர் உணவில் சைவர்கள் ஏமாறும் இடங்கள் உண்டு. புளித்த முட்டைக்கோஸான சவர்க்ரவுட் பேருக்குக் காய்தான், பல சமையலறைகளில் பன்றிக் கொழுப்போ பேக்கனோ சேர்த்துச் சூடாக்குவார்கள். சிவப்பு முட்டைக்கோஸும் அப்படியே. தென் ஜெர்மன் பாணியில் சூடாகத் தரும் உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சிச் சாறோ பேக்கனோ இருக்கும். ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் மாவில் முட்டை உண்டு. உருளைக்கிழங்கு அடையில் பெரும்பாலும் முட்டை உண்டு. அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ் தருவார்கள், நம் அடைக்கும் வெல்லத்துக்கும் தூரத்து உறவு. பிரெட்சலும் கடுகுச் சாந்தும் ஓரளவு பத்திரம், அதிலும் கேட்டுவிட்டே வாங்குங்கள். பன்றி தவிர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கோழி சாசேஜ் என்றே எழுதியிருந்தாலும் மேல்தோல் பன்றிக்குடலாக இருக்கலாம். "உள்ளே என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள், "உறை எது" என்றும் கேளுங்கள். பிராட்வுர்ஸ்ட் என்ற சாசேஜ், ஷ்னிட்செல் என்ற பொரித்த இறைச்சித் துண்டு இரண்டும் பெரும்பாலும் பன்றிதான்.

தங்கும் வீடு எடுக்கும் குழுக்கள் ஆள் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். ஊருக்கு வெளியே உள்ள வீடுகளில் கழிவுநீர் போவது தோட்டத்துக்கு அடியில் உள்ள செப்டிக் தொட்டிக்கு. படுக்கையறைக் கணக்குக்கு ஏற்பத் தோண்டியது அது. பத்துப் பேர் என்று சொல்லி இருபத்தைந்து பேர் போனால், ஞாயிறு காலை குளியலறையில் அது தன் கணக்கைக் காட்டும். வீட்டு வழியில் பனியை யார் வாரிப் போடுவது என்பதையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

கடைசியாக, அந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லும் கதை. "ஜெர்மன்காரங்க வந்து குடியேறின ஊர்" என்று நம் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. ஐசிக்கிள் ஓடையும் வெனாச்சி ஆறும் கூடும் இடம் வெனாச்சி என்ற பூர்வகுடி மக்களின் மீன்பிடித் துறை. 1855 யக்கிமா ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு அதை அவர்களுக்கென்று ஒதுக்கி எழுதிக்கொடுத்தது, கொடுத்ததைக் காப்பாற்றவில்லை. பிறகு கிரேட் நார்தர்ன் ரயில் வந்தது, மரம் அறுக்கும் ஆலை வந்தது. 1920-களில் ரயில்வே தன் பிரிவு அலுவலகத்தை வெனாச்சி நகருக்கு மாற்றியது, ஆலையும் மூடியது. முப்பது ஆண்டுக்கு மேல் ஊர் படுத்துக் கிடந்தது. 1962-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் துணையோடு லைஃப் என்ற பெயரில் ஊரார் குழு அமைத்தார்கள். பக்கத்தில் உணவகம் நடத்திய டெட் பிரைஸ், பாப் ராட்ஜர்ஸ் இருவரும் கலிஃபோர்னியாவில் டென்மார்க் வேஷம் போட்டுப் பிழைத்த சோல்வாங் ஊரைக் காட்டி, நாமும் செய்யலாம் என்றார்கள். பின்னால் மலை ஆல்ப்ஸ் போல இருந்ததால் பவேரியா. கட்டட உரிமையாளர்கள் சொந்தப் பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டு முகப்பை மாற்றினார்கள், 1965-இல் சிக்கமின் ஹோட்டல் எடெல்வைஸ் ஆனது. இப்போது நகராட்சி விதியே அதுதான்: மெக்டொனால்ட்ஸ் பலகைகூட பவேரிய எழுத்தில்தான்.

ஃப்ரண்ட் தெருவில் மாடத்தையும் சுவரோவியத்தையும் படம் எடுத்து முடித்ததும் பிள்ளைகளைப் பின்சந்துக்குக் கூட்டிப்போங்கள். முன்னால் அகலமாக நீட்டிய கூரை பல கட்டடங்களில் பாதியிலேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் சாதாரண அமெரிக்கச் சிற்றூரின் பழைய தட்டைக் கூரைக் கட்டடம் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடச் சுவாரசியமான காட்சி அங்கே வேறில்லை.

அரை நாள் மிச்சமிருந்தால் ஐசிக்கிள் ஓடையோர மீன் பண்ணைக்குப் போகலாம், கட்டணம் இல்லை. கிராண்ட் கூலி அணை கட்டியதால் மேலே போக முடியாத சால்மனுக்கு ஈடாக 1940 வாக்கில் கட்டியது. கலைமான் பண்ணைக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மழை பிடித்தால் நட்கிராக்கர் அருங்காட்சியகம். ஆயிரக்கணக்கில் கொட்டை உடைக்கும் பொம்மைகள், மரச் சிப்பாய்கள், ரோமானியர் காலத்து வெண்கலக் கருவி. அதில் இந்தியப் பாக்குவெட்டிகளும் இருக்கின்றன. பாட்டி கூட வந்திருந்தால் அந்தப் பெட்டி முன்னால் அவரை நிறுத்தி, பிள்ளைகளுக்கு அவரையே விளக்கச் சொல்லுங்கள்.

ஆகவே, நண்பர்களே, இந்த வருடம் குழுவில் முதல் செய்தி போடும்போது பேரும் பொரியலும் கேட்கும் முன் மூன்று பத்தி கொண்ட ஒரு அட்டவணை போடுங்கள், வண்டிக்கு ஒரு வரி: டயர் எண், செயின் இருக்கிறதா, கராஜில் மாட்டிப் பார்த்தாயிற்றா. மூன்றாவது பத்தி நிரம்பாத வண்டியின் ஆட்களை நிரம்பிய வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் தேதியை மாற்றுங்கள். விளக்கு பிப்ரவரி வரை எரியும்.

இப்படிக்கு,
குளிர்காலத்தில் இந்தக் கணவாயில் வண்டி ஓட்டும் சிலர்